எந்தக் கல்லூரி ஆட்டக்காரர்களை உருவாக்குகிறது? என்.எஃப்.எல். டிராஃப்ட்டை வைத்துக் கணக்குப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 17 பேரை, அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் எடுத்துக்கொண்டன. 2014-ல் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. 1937-க்குப் பிறகு டெக்சாஸுக்கு அப்படி ஒரு வருடம் வந்ததே இல்லை. 2025-ல் 12 பேர் போனார்கள். அதே ஆஸ்டின் நகரம், அதே செம்மஞ்சள் சட்டை. இப்போது "டெக்சாஸ் எப்படிப்பட்ட ஃபுட்பால் கல்லூரி?" என்று யாராவது கேட்டால் இந்த மூன்றில் எந்த எண்ணைச் சொல்வீர்கள்?

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். செப்டம்பர் முதல் ஜனவரி வரை திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜையில் இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவரவர் தனக்குப் பிடித்த கல்லூரிக்குச் சாதகமான எண்ணைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவார். அந்தச் சண்டையில் பல முறை தோற்ற பிறகுதான் இதற்கென்று ஒரு எக்செல் தாள் போட ஆரம்பித்தேன். அதை நீங்களும் எப்படிப் போடலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு நிமிடம். இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். கிரிக்கெட்டில் ரஞ்சி, லீக் என்று கீழே அடுக்குகள் இருப்பதுபோல என்.எஃப்.எல்.-க்குத் தனியாக இளையோர் அணிகள் கிடையாது. அந்த வேலையைப் பல்கலைக்கழகங்களே செய்கின்றன. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் யாரும் என்.எஃப்.எல்.-க்குப் போக முடியாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் மூன்று நாள் டிராஃப்ட் நடக்கும்: 32 அணிகள், 7 ரவுண்ட், ஏறக்குறைய 260 பையன்கள். முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். யார் எத்தனையாவது ஆளாகப் போனான், எந்தக் கல்லூரிக்காரன் என்பதெல்லாம் பொதுவில் கிடைக்கும் விவரம். இணையமும் ஒரு சனிக்கிழமை மதியமும் இருந்தால் போதும்.

படி 1: எதற்காகக் கணக்குப் போடுகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் தாளைத் திறக்காதீர்கள். மேஜையில் ஜெயிப்பதற்காக என்றால் மொத்த எண்ணிக்கை போதும், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு கோச்சின் திறமையை எடைபோட என்றால் அவருடைய வருடங்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பள்ளியில் ஆடும் ஒரு பையன் எங்கே சேர்ந்தால் நல்லது என்று பார்ப்பதற்கு என்றால், கல்லூரியின் பெயரை மறந்துவிட்டு அவன் ஆடும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் விடை வேறு வேறு கல்லூரியாக வரும். ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் பதில் சொல்லும்போதுதான் சண்டையே வருகிறது.

படி 2: வருடங்களை வெட்டுங்கள்

முதல் தடவை நான் செய்த தப்பு, 1936-ல் நடந்த முதல் டிராஃப்ட்டிலிருந்து எல்லாவற்றையும் கூட்டியது. நோட்டர் டேம், யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) இரண்டும் 500-ஐத் தாண்டி உச்சியில் நின்றன. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். "அந்தக் காலத்தில் எத்தனை ரவுண்ட் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

1940-களில் டிராஃப்ட் 32 ரவுண்ட் வரை போனது, 50-களில் 30. 1977 முதல் 1992 வரை 12 ரவுண்ட். 1994-லிருந்துதான் 7. எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டுமானால் 1994-க்கு இந்தப் பக்கம் மட்டும் பாருங்கள். அதற்கு முன்னால் போக ஆசை இருந்தால் விகிதமாக மாற்றிக்கொள்ளுங்கள். 1984-ல் டெக்சாஸின் 17 பேர், மொத்தம் எடுக்கப்பட்ட 336 பேரில் 5 சதவீதம். 2022-ல் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் போனார்கள், 262-ல் கிட்டத்தட்ட 6 சதவீதம். 7 ரவுண்ட் காலத்தில் அதுதான் சாதனை.

முதல் டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர். என்.எஃப்.எல்.-ல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவருடைய பல்கலைக்கழகமும் 1939-ல் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. இவரையும் கூட்டித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

கோச்சை எடைபோடுவதானால் இன்னொரு விஷயம். இன்று சேரும் பையன் டிராஃப்ட்டுக்குப் போக மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். அதனால் புது கோச்சின் முதல் இரண்டு மூன்று டிராஃப்ட்டுகள் பழைய கோச் நட்ட மரத்தின் காய். கிர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவுக்கு 2016-ல் பொறுப்பேற்றார். 2018 டிராஃப்ட்டில் ரோக்வான் ஸ்மித், ஐசையா வின், சோனி மிஷெல் மூவரும் முதல் ரவுண்டில் போனார்கள், நிக் சப் இரண்டாம் ரவுண்டில். நால்வரையும் ஜார்ஜியாவுக்குக் கூட்டிவந்தவர் முந்தைய கோச் மார்க் ரிக்ட்.

இதைவிடப் பெரிய உதாரணம் 2001 மயாமி அணி. கல்லூரி வரலாற்றிலேயே மிகத் திறமையான அணி என்று பலர் சொல்வார்கள். அந்த ஒரு அணியில் இருந்தவர்களில் 38 பேர் பின்னால் டிராஃப்ட்டில் போனார்கள், 17 பேர் முதல் ரவுண்டில். எட் ரீட், ஆண்ட்ரே ஜான்சன், ஃபிராங்க் கோர், ஷான் டெய்லர் எல்லோரும் ஒரே உடைமாற்றும் அறையில். சாம்பியன் கோப்பையைத் தூக்கியவர் லாரி கோக்கர், தலைமைக் கோச்சாக அவருக்கு அது முதல் வருடம். அந்தப் பையன்களில் பெரும்பாலோரைச் சேர்த்தவர் புட்ச் டேவிஸ். அந்த வருடத் தொடக்கத்தில்தான் அவர் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணிக்குக் கோச்சாகப் போயிருந்தார்.

படி 3: தலையை எண்ணாமல் எடை போடுங்கள்

முதல் ரவுண்டில் போகிறவனும் ஏழாவது ரவுண்டில் போகிறவனும் ஒன்றாக முடியாது. இதற்கு என்.எஃப்.எல். அணிகளே வைத்திருக்கும் தராசு ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் டல்லஸ் கவ்பாய்ஸ் கோச்சாக இருந்தபோது, டிராஃப்ட் இடங்களை மற்ற அணிகளோடு மாற்றிக்கொள்வதற்காக ஒரு புள்ளிப் பட்டியல் தயாரானது. முதல் இடத்துக்கு 3,000 புள்ளி. 16-வது இடத்துக்கு 1,000. முதல் ரவுண்டின் கடைசி இடமான 32-க்கு 590. நூறாவது இடத்துக்கு வெறும் 100.

இதை வைத்து 2004-ஐ நிறுத்துப் பார்ப்போம். அந்த வருடம் எங்கள் ஊர் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து 14 பேர் போனார்கள், அப்போதைக்கு அது சாதனை. மயாமியிலிருந்து 9 பேர்தான். ஆனால் ஒஹாயோ ஸ்டேட்காரர்களில் முதல் ரவுண்டில் போனவர்கள் மூவர்: 18, 28, 29-வது இடங்களில். புள்ளி 900, 660, 640. கூட்டினால் 2,200. மயாமியிலிருந்து முதல் ரவுண்டில் மட்டும் ஆறு பேர்: 5, 6, 12, 17, 19, 21. புள்ளி 1,700, 1,600, 1,200, 950, 875, 800. மொத்தம் 7,125. ஒஹாயோ ஸ்டேட்டின் மீதி 11 பேரையும் தராசில் ஏற்றினாலும் மயாமியின் கிட்டே வராது.

என் மேஜை நண்பர்கள் இன்றும் அந்த 14-ஐப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, சாப்பாட்டு நேரம்.

இந்தப் புள்ளிப் பட்டியல் உச்சியில் இருக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே விலை போடுகிறது என்பது பொருளாதார நிபுணர்கள் பல வருடமாகச் சொல்லும் குறை. அது நியாயம்தான். இருந்தாலும் வெறும் எண்ணிக்கைக்கு இது எவ்வளவோ மேல்.

படி 4: டிராஃப்ட்டுக்குப் பிறகு என்ன ஆனான்?

டிராஃப்ட் நாளில் அணிகள் போடுவது மதிப்பீடு. மதிப்பீடு தவறும். அலபாமாவிலிருந்து 2012-ல் டிரென்ட் ரிச்சர்ட்சன் மூன்றாவது ஆளாகப் போனார். 2016-ல் அதே அலபாமா, அதே ஓட்டக்கார இடம், அதே கோச் நிக் சேபன், டெரிக் ஹென்றி 45-வது ஆளாகப் போனார். பட்டியலில் ரிச்சர்ட்சனுக்கு 2,200 புள்ளி, ஹென்றிக்கு 450. ரிச்சர்ட்சன் மூன்று சீசனோடு என்.எஃப்.எல்.-ஐ விட்டுப் போனார். ஹென்றி 2020-ல் ஒரே சீசனில் 2,027 கெஜம் ஓடினார்.

ஆகவே தாளில் இன்னொரு நிரல் வேண்டும். ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வருடாவருடம் ஒரு தோராய மதிப்பெண் போட்டிருப்பார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கையும், முன்வரிசையில் நின்று அவனைக் காக்கும் கார்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தப் பார்க்கும் முயற்சி அது. பொறுமை இருந்தால் அதைக் கூட்டுங்கள்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: ஐந்தாவது வருடமும் இவன் சம்பளம் வாங்குகிறானா? டிராஃப்ட்டில் போகிறவனுக்கு முதல் ஒப்பந்தம் நான்கு வருடம். அது முடிந்த பிறகும் ஏதாவது ஒரு அணி காசு கொடுத்து வைத்துக்கொண்டால் அவன் நிஜமாகவே ஆடத் தெரிந்தவன். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. முரட்டு அளவுகோல்தான், ஆனால் இதில் யாரும் ஏமாற்ற முடியாது.

டிராஃப்ட்டில் போகாதவர்களையும் இங்கேயே கவனித்துவிடலாம். எங்கள் ஒஹாயோவில் கென்ட் ஸ்டேட் என்று ஒரு நடுத்தரக் கல்லூரி. அங்கே படித்த ஜேம்ஸ் ஹாரிசனை எந்த அணியும் எடுக்கவில்லை. 2008-ல் அவர்தான் லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர். வெறும் டிராஃப்ட் எண்ணிக்கை பார்த்தால் கென்ட் ஸ்டேட்டுக்கு அவர் கணக்கில் பூஜ்யம். அதே கல்லூரியின் ஆண்டோனியோ கேட்ஸும் டிராஃப்ட் ஆகாதவர்தான், இன்று கேன்டன் நகரத்து ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஆனால் அவர் கென்ட் ஸ்டேட்டில் ஆடியது கூடைப்பந்து! அவரை ஃபுட்பால் கோச்சின் கணக்கில் சேர்க்கலாமா என்பதை உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க, ஒவ்வொரு செப்டம்பரிலும் சீசன் தொடங்கும் வாரத்து அணிப் பட்டியல்களைப் பாருங்கள். அணிக்கு 53 பேர், யார் எந்தக் கல்லூரி என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கில் பல வருடங்கள் அலபாமாவே முன்னால் நின்றது.

படி 5: உள்ளே வந்தது எவ்வளவு?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படியும் இதற்கு முன்னால் தூசு.

பத்தாம் வகுப்பில் 480-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து ரிசல்ட் அன்று தெரு முழுக்க ஃபிளெக்ஸ் வைக்கும் பள்ளிகளை நமக்குத் தெரியும். அந்தப் பள்ளி நன்றாகச் சொல்லிக்கொடுத்ததா, நன்றாகப் பொறுக்கி எடுத்ததா? ஃபிளெக்ஸைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இங்கேயும் அதே கதை. பள்ளி முடிக்கும் பையன்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கும் தளங்கள் இருக்கின்றன. 247ஸ்போர்ட்ஸ் அதில் பிரபலம். அங்கே ஐந்து நட்சத்திரம் வருடத்துக்கு முப்பத்திச் சொச்சம் பேருக்குத்தான். முதல் ரவுண்டில் 32 பேர் போவதால், அதே அளவு. ஐந்து நட்சத்திரம் என்றால் "இவன் முதல் ரவுண்டில் போவான் என்று நினைக்கிறோம்" என்று அர்த்தம். அந்த முப்பதில் பெரும்பங்கை அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் மாதிரி ஒரு கைப்பிடிக் கல்லூரிகள் அள்ளிக்கொள்ளும். அவர்களிடமிருந்து முதல் ரவுண்டில் ஆள் போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

செய்ய வேண்டியது இது. ஒரு கல்லூரியின் 2016 சேர்க்கைப் பட்டியலை எடுங்கள், சுமார் 25 பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே நட்சத்திரத்தை எழுதுங்கள். 2019, 2020, 2021 டிராஃப்ட் பட்டியல்களைத் திறந்து அவர்களில் யார் யார் போனார்கள் என்று தேடுங்கள். இப்படி ஐந்து சேர்க்கைகளுக்காவது செய்யுங்கள். ஒன்றிரண்டு வருடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடைசியில் இரண்டு எண் கிடைக்கும். நான்கும் ஐந்தும் நட்சத்திரம் வாங்கி வந்தவர்களில் எத்தனை சதவீதம் டிராஃப்ட் ஆனார்கள் என்பது ஒன்று, இதில் கல்லூரி கெடுத்ததா இல்லையா என்பது தெரியும். மூன்றும் அதற்குக் கீழும் வாங்கி வந்தவர்களில் எத்தனை பேர் டிராஃப்ட் ஆனார்கள் என்பது இன்னொன்று, கல்லூரி உருவாக்கியதா என்பது இதில் தெரியும். ஒரு கல்லூரி முதல் எண்ணில் உச்சத்திலும் இரண்டாவதில் அடியிலும் இருந்தால் அது நல்ல கிடங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். கிடங்கும் தேவைதான், அதைப் பட்டறை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆரம்பத்தில் சொன்ன டெக்சாஸின் 2014 பூஜ்யம் நினைவிருக்கிறதா? அதற்கு முந்தைய வருடங்களில் டெக்சாஸில் சேர்ந்தவர்கள் நாட்டிலேயே முதல் வரிசைப் பையன்கள். உள்ளே போனது நிறைய, அந்த வருடம் வெளியே வந்தது ஒன்றுமில்லை. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் அந்தப் பூஜ்யம் எவ்வளவு பெரியது என்று புரியும்.

எதிர்ப்பக்கத்துக்கு அயோவாவைக் காட்டுவேன். 1999-லிருந்து ஒரே கோச், கர்க் ஃபெரென்ட்ஸ். பெரிய நட்சத்திரப் பையன்கள் அந்தப் பனிக்கும் சோளக்காட்டுக்கும் அதிகம் வருவதில்லை. டைட் எண்ட் என்ற ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பந்தையும் பிடிக்க வேண்டும், எதிரியையும் முட்டித் தள்ள வேண்டும், இரட்டை வேலைக்காரன். 2019-ல் அயோவாவின் டி.ஜே. ஹாக்கென்சன் 8-வது ஆளாகவும் நோவா ஃபான்ட் 20-வது ஆளாகவும் போனார்கள். ஒரே கல்லூரியின் இரண்டு டைட் எண்டுகள் ஒரே வருடம் முதல் ரவுண்டில் போனது அதுதான் முதல் தடவை. ஜிம்மி ஜான்சன் புள்ளியில் 1,400-ம் 850-ம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், ஐந்தாவது ரவுண்டில், 146-வது ஆளாக அதே அயோவாவிலிருந்து ஒருவர் போயிருந்தார். புள்ளி சுமார் 33. கல்லூரியில் இருந்த காலம் முழுக்க அவர் பிடித்த பந்து மொத்தம் 48. பெயர் ஜார்ஜ் கிட்டில். 2018-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக 1,377 கெஜம் எடுத்தார், ஒரு சீசனில் அதுவரை எந்த டைட் எண்டும் எடுக்காத அளவு. மூவரில் இன்று யார் பெயரைக் கேட்டால் எதிரணித் தடுப்பாட்டக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும் என்று கேட்டால், 33 புள்ளிக்காரர்தான்.

ஏன் அயோவா? அங்கே ஆட்டமே பழைய பாணி. டைட் எண்டை வரிசையில் நிறுத்தி முட்டச் சொல்வார்கள், நாள் முழுக்க. அந்த வேலை தெரிந்த பையன் வேறு கல்லூரிகளில் குறைந்துகொண்டே வருவதால் என்.எஃப்.எல். ஆட்கள் அயோவாவுக்கு வருகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 2023-ல் நாட்டிலேயே மிகக் குறைந்த கெஜம் எடுத்த அணி அயோவாதான், கடைசி இடம். இருந்தும் பத்து ஆட்டம் ஜெயித்தது. தாக்குதல் நகராததால் பந்தை உதைத்து எதிரியிடம் கொடுத்தே தீர வேண்டும் அல்லவா? அப்படி உதைத்து உதைத்துப் பேர் வாங்கிய டோரி டெய்லரை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவரை, 2024-ல் சிகாகோ பேர்ஸ் நான்காவது ரவுண்டிலேயே எடுத்துக்கொண்டது. பன்ட்டரை உருவாக்கியதும் உருவாக்கியதுதான்.

நட்சத்திரமே இல்லாத கல்லூரிகளையும் ஒரு முறை பாருங்கள். நார்த் டகோட்டா ஸ்டேட் முதல் தரப் பிரிவிலேயே அப்போது இல்லை, ஒரு படி கீழே. 2016-ல் கார்சன் வென்ட்ஸ் இரண்டாவது ஆளாக, 2021-ல் டிரே லான்ஸ் மூன்றாவது ஆளாக, 2025-ல் கிரே ஜேபல் 18-வது ஆளாக அங்கிருந்து போனார்கள். டிரே லான்ஸ் என்.எஃப்.எல்.-ல் எதிர்பார்த்த அளவு சோபிக்கவில்லை என்பதையும் தாளில் மறைக்காமல் எழுதுங்கள்.

யார் உள்ளே வர முடிந்தது என்பதற்குப் பின்னால் சில சமயம் திறமைக்குச் சம்பந்தமே இல்லாத காரணம் இருக்கும். லூசியானாவின் கிராம்ப்லிங் கறுப்பினத்தவர்களுக்கான சிறு கல்லூரி. எடி ராபின்சன் 1941-ல் தொடங்கி 1997 வரை அங்கே கோச். 408 வெற்றி. அங்கிருந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். பக் புக்கனன், வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் என்று ஹால் ஆஃப் ஃபேம்காரர்களே நால்வர். தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினப் பையன்களுக்குக் கதவை மூடி வைத்திருந்த காலம் அது. வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டில் படித்ததும் அந்தச் சூழலில்தான். 1960-களின் கடைசியில் கதவு திறக்கத் தொடங்கியதும் அந்தப் பையன்களைப் பெரிய கல்லூரிகள் கொண்டுபோய்விட்டன. கிராம்ப்லிங்கின் எண்ணிக்கை சரிந்தது. அதற்காக ராபின்சனுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

படி 6: பையன் யாருடையவன்?

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல் அது. 2021-லிருந்து கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது. அன்றிலிருந்து இந்தக் கணக்கு தலைவலிதான். டிராஃப்ட் பட்டியலில் கடைசியாக ஆடிய கல்லூரியின் பெயர் மட்டுமே இருக்கும்.

ஜோ பர்ரோ மூன்று வருடம் ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தார், மொத்தம் 39 பந்து எறிந்தார். எல்.எஸ்.யு.-வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போய் 2019-ல் 60 டச்டவுன் (எதிரியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்து, 2020-ல் முதல் ஆளாகப் போனார். ஒஹாயோ ஸ்டேட்டின் மூன்று வருடப் பயிற்சிக்கு ஒன்றுமே இல்லையா? ஜேலன் ஹர்ட்ஸ் அலபாமாவில் மூன்று வருடம், ஓக்லஹோமாவில் ஒரு வருடம். வால்டர் நோலன் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மின் பேர்போன 2022 சேர்க்கையில் வந்தவர். அதுவரை பதிவானதிலேயே உயர்ந்த தரம் போடப்பட்ட சேர்க்கை அது. அந்த வருடம் அணி ஜெயித்தது 5, தோற்றது 7. நோலன் இரண்டு வருடத்தில் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போய், 2025-ல் 16-வது ஆளாக எடுக்கப்பட்டார்.

நான் வைத்திருக்கும் விதி எளிது: எங்கே எத்தனை சீசன் இருந்தானோ அந்த விகிதத்தில் புள்ளியைப் பிரித்துக் கொடு. ஹர்ட்ஸில் அலபாமாவுக்கு முக்கால், ஓக்லஹோமாவுக்குக் கால். பர்ரோ விஷயத்தில் இந்த விதி எல்.எஸ்.யு.-வுக்கு அநியாயம் செய்கிறது, தெரியும். அதற்காக ஆளுக்கு ஆள் விதியை மாற்றினால் அப்புறம் அது என் விருப்பப் பட்டியல் ஆகிவிடும்.

2022 டிராஃப்ட்டில் 10, 11, 12-வது இடங்களில் மூன்று ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள், வரிசையாகப் போனார்கள்: காரெட் வில்சன், கிரிஸ் ஓலாவே, ஜேமிசன் வில்லியம்ஸ். முதல் இருவருக்கும் ஒஹாயோ ஸ்டேட் என்று போட்டிருக்கும், மூன்றாமவருக்கு அலபாமா. வில்லியம்ஸும் அதற்கு முந்தைய வருடம்வரை ஒஹாயோ ஸ்டேட்டில்தான் இருந்தார். ஆட இடம் கிடைக்காமல் போனவர். மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்று பயிற்சி எடுத்தவர்கள் என்பது பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

படி 7: இடத்தைப் பார்த்துப் பிரியுங்கள்

ஒரு பையனுக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் இதுதான் முக்கியம். அணியின் தலைமைக் கோச் அவனோடு தினமும் பேசப்போவதில்லை, அவன் ஆடும் இடத்துக்கான துணைக் கோச்தான் பேசுவார். ஒஹாயோ ஸ்டேட்டில் 2018-லிருந்து ரிசீவர்களுக்குக் கோச்சாக இருந்தவர் பிரையன் ஹார்ட்லைன், தானே என்.எஃப்.எல்.-ல் ரிசீவராக ஆடியவர். 2022 முதல் 2025 வரை நான்கு டிராஃப்ட்டிலும் முதல் ரவுண்டில் ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர் ஒருவராவது இருந்தார்: வில்சனும் ஓலாவேவும், பிறகு ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா, மார்வின் ஹாரிசன் ஜூனியர், எமெக்கா எக்புக்கா. இவர்களில் பெரும்பாலோர் பெரிய பெயரோடு வந்தவர்கள். ஓலாவே மட்டும் மூன்று நட்சத்திரம்.

துணைக் கோச் கிளம்பினால் அந்த மரபும் பெட்டி படுக்கையோடு கிளம்பலாம். அதனால் "லைன்பேக்கர் என்றால் பென் ஸ்டேட்", "குவார்ட்டர்பேக் என்றால் பர்டியூ" என்ற பழைய பட்டப்பெயர்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். பர்டியூவின் பெருமை லென் டாசன், பாப் கிரீசி, டிரூ பிரீஸ் மூவரால் வந்தது. பிரீஸ் டிராஃப்ட் ஆனது 2001-ல்.

ஒரே ஒரு மேதையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். பேட்ரிக் மஹோம்ஸ் டெக்சாஸ் டெக்கில் கடைசியாக ஆடிய 2016-ல் அந்த அணி 5 வெற்றி, 7 தோல்வி. அவருக்கு முன் அங்கே இருந்த குவார்ட்டர்பேக்குகளும் கல்லூரியில் ஆயிரக்கணக்கான கெஜம் எறிந்தவர்கள்தான், என்.எஃப்.எல்.-ல் நிலைக்கவில்லை. ஜெர்ரி ரைஸ் படித்த மிசிசிப்பி வேலி ஸ்டேட்டுக்கும் இதுவே பொருந்தும். அதனால் ஒரு இடத்துக்குக் கடைசிப் பத்து வருடத்தில் ஐந்து பேராவது போயிருந்தால்தான் நான் அதை மரபு என்று எழுதுவேன். ஐந்து என்பது என் பிடிவாதம், உங்களுக்கு நான்கு சரி என்று பட்டால் நான்கு.

தாள் எப்படி இருக்கும்?

ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு வரி. சேர்ந்த வருடம், நட்சத்திரம், சேர்த்த கோச், ஆடும் இடம், எந்தக் கல்லூரியில் எத்தனை சீசன், டிராஃப்ட் வருடம், எத்தனையாவது ஆள், புள்ளி. கடைசியில் அந்த 1 அல்லது 0. ஒரு கல்லூரிக்குப் பத்து வருடம் போட்டால் 250 வரி வரும். இரண்டு கல்லூரியை ஒப்பிட ஒரு வார இறுதி போதும். நிரலுக்குப் பக்கத்தில் "குறிப்பு" என்று ஒரு காலிக் கட்டம் கட்டாயம் விடுங்கள். எண்ணுக்குள் அடங்காததெல்லாம் அங்கேதான் போகும். 2004 மயாமியின் ஷான் டெய்லருக்கு எதிரே நான் எழுதியிருப்பது "2007, சுடப்பட்டு இறந்தார், வயது 24".

டிராஃப்ட் முடிந்த அன்றிரவே கடைசி நிரலை நிரப்பக் கை அரிக்கும். விட்டுவிடுங்கள். 2022-ல் ஜார்ஜியாவிலிருந்து போன 15 பேரில் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் முதல் ரவுண்டில் போனார்கள். டிரேவான் வாக்கர் முதல் ஆள், லூயிஸ் சீன் 32-வது, அதாவது ரவுண்டின் கடைசி ஆள். அவர்களுடைய நான்கு வருடக் கணக்கு 2025 சீசனோடுதான் முடிகிறது. சீனுக்கு மட்டும் முன்னாலேயே முடிந்துபோனது. முதல் சீசனிலேயே லண்டனில் நடந்த ஆட்டத்தில் கால் உடைந்தது. 2024-ல் மினசோட்டா அவரை விடுவித்துவிட்டது. அவர் பெயருக்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் "காயம்" என்று எழுதி, கடைசி நிரலை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.